காட்சிக்கு வைத்தவை

கடை வாசலில் கெண்டை மீன் தொட்டி.
ரப்பர் காலணிக்காரர் வலையால் துழாவுகிறார்.
கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள்.
பிர்னோ நகரத்துப் பனி
தரையைத் தொட்டதுமே சேறாகிவிடுகிறது.
உள்ளே நான்,
சிவப்புச் சட்டை, மார்பில் பெயர்ப்பட்டை,
மஞ்சள் ஒட்டுத்தாள்களுக்குக் காவல்.

முப்பது சதவீதம் தள்ளுபடி என்கிறது தாள்.
அக்டோபரில் அதே இயந்திரத்துக்கு
விலையை ஏற்றி ஒட்டியதும்
இதே கைதான்.

அவர் மூன்று மணிக்கு வந்தார்.
ஈரமான கம்பளித் தொப்பி, கையில் ஒரு பை,
பைக்குள் ஏதோ துள்ளியது.
"மீன்," என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.

பதினொரு மடிக்கணினிகள் வரிசையாகத் திறந்திருந்தன.
வருகிறவர்கள் விலையைப் பார்ப்பார்கள்,
மெலிவைப் பார்த்து மயங்குவார்கள்.
இவர் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல
மூடியைத் தூக்கிக் கீலை ஆட்டினார்,
அடியில் உள்ளங்கை வைத்துச் சூடு பார்த்தார்,
பிறகு ஒவ்வொன்றிலும்
நின்றபடியே ஏதோ தட்டினார்.
"விசைகளைச் சோதிக்கிறேன். போன தடவை வாங்கியதில்
தொப்பி போட்ட ரகரம்
ஒரே வருடத்தில் சிக்கிக்கொண்டது."
எங்கள் மொழியில் அந்த எழுத்து இல்லாமல்
நான்கையும் எண்ண முடியாது, மூன்றையும் எண்ண முடியாது.

மேலாளர் ஹினெக் தூரத்திலிருந்து கண்ணசைத்தார்.
நடுவில் இருக்கும் வெள்ளி நிறத்தைத் தள்ளவேண்டும்,
கூடவே மூன்றாண்டு உத்தரவாதத்தையும்.
வாயைத் திறந்தேன்.
"எட்டு ஜிபி நினைவகம், பலகையோடு பற்றவைத்தது,
பின்னால் கூட்ட முடியாது,"
என்று வந்தது.
எனக்கே ஆச்சரியம்.

"அப்படியானால்?"
தூணுக்குப் பின்னால் கடைசியைக் காட்டினேன்.
போன வருடத்து உடம்பு. கனம்.
மஞ்சள் தாள் இல்லை,
அழகும் இல்லை என்றே சொல்லலாம்.
பதினாறு ஜிபி, திறந்தால் இன்னொரு குழி காலி,
வெளிச்சத்தை முகத்தில் அறையாத திரை.
"பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கொருனா.
நேற்றும் இதே விலை. நாளைக்கும்."

"உழைக்குமா?"
"என்னிடம் இதே வகை. ஆறு வருடம் ஆகிறது."
உண்மைதான். நடுவில் பேட்டரி மாற்றியதைச்
சொல்ல மறந்துவிட்டேன்.

அதில் மட்டும் நெடுநேரம் தட்டினார்.
தரையில் வைத்த பை ஒருமுறை துடித்து அடங்கியது.
டிராஹோமீரா என்று ரசீதில் எழுதினேன்.
உத்தரவாதம் வேண்டாம் என்றார்.
பாதி நோட்டாக, எண்ணி எண்ணி. மீதி கார்டு.

எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கியபின்
வரிசையைத் துடைப்பது என் வேலை,
கைரேகையையும், எழுதிவிட்டுப் போனதையும்.
வழக்கமாகக் கெட்டவார்த்தை இருக்கும்,
ஏதோ ஒரு பையன் தன் பெயரை
நாற்பது தடவை அடித்திருப்பான்.

முதலாவதில்: ஓல்ட்ரிஹ்.
இரண்டாவதில்: ஓல்ட்ரிஹ், பழையதை நீயே வைத்துக்கொள்.
மூன்றாவதில்: ஓல்ட்ரிஹ், படங்களை மட்டும் அனுப்பு,
பால்டிக் கடலில் எடுத்தவை, நீ இல்லாதவை.
ஐந்தில் பெயரும் ஒரு காற்புள்ளியும்.
அதற்குப் பின் ஒன்றுமில்லை.
நடுவில், அந்த வெள்ளி நிறத்தில்:
ஓல்ட்ரிஹ், இந்தப் பையனுக்கு விற்கத் தெரியவில்லை.
ஒன்பதில்: ஓல்ட்ரிஹ், இந்த வருடம்
மீனை நானே அடிக்கப்போகிறேன்.
எல்லாவற்றிலும் அதே பெயர்,
பெயரின் நடுவே அதே தொப்பி ரகரம்.

தூணுக்குப் பின்னால், கடைசியில்,
பெயர் இல்லை.
ரகரம் மட்டும்.
ஒரு வரி முழுக்க, இரண்டாம் வரி, மூன்றாம் வரி,
பக்கம் தாண்டியும் ரகரம்,
எங்கும் சிக்காமல்.

"உத்தரவாதம் எத்தனை போயிற்று?"
விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தபடி ஹினெக்.
பத்தைத் துடைத்திருந்தேன்.
பதினொன்றாவதில் அந்த விசையை
ஒற்றை விரலால்
அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.